சாவிக்கு முன்னால் மூக்கு

முட்டுக்காடு உப்பங்கழியில் ஜெட் ஸ்கி சீறிப் பாய்வதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த வண்டிகளைக் காலையில் தயார்செய்யும் ஊழியர்களின் வேலையைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

டிராலியில் நின்ற வண்டியருகே வந்த இளைஞர் சாவியைத் தொடவே இல்லை. சீட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இன்ஜின் இருக்கும் குழிக்குள் குனிந்து மோந்து பார்த்தார்.

"பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம் சார். மேல வராது, அடியிலயே தங்கிக்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணா ஒரு பொறி போதும்."

கொஞ்ச நேரம் காற்றாட விட்டார். அதற்குள் ஆயில், பேட்டரி முனைகள், ஹோஸ் கிளிப்புகள், தீயணைப்பான் எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். பின்பக்கத்தில் தண்ணீர் வடிய இரண்டு டிரெயின் பிளக்குகள் உண்டு. அவர் திருகி மூடியதைப் பெரியவர் ஒருவர் வந்து மறுபடியும் முறுக்கிப் பார்த்தார். ஒன்று திறந்திருந்தாலும் உள்ளே தண்ணீர் ஏறி, நடுக்கழியில் இன்ஜின் நின்றுவிடும்.

பிறகு மண்டியிட்டு, வண்டியின் அடியில் உள்ள கம்பிச் சல்லடைக்குள் விரலை விட்டுத் துழாவினார். தங்கூசி வலைத் துணுக்கு ஒன்று வந்தது. ஜெட் ஸ்கி அடியில் நீரை உறிஞ்சி, இம்பெல்லர் என்னும் சுழல்விசிறி வழியாகப் பின்னால் பீய்ச்சித்தான் ஓடுகிறது. வலைத்துண்டு இம்பெல்லரில் சுற்றிக்கொண்டால் இழுவை போய்விடும். மணலை உறிஞ்சினாலும் கேடுதான். அதனால் இடுப்பளவுத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தார். மணிக்கட்டில் மாட்டிய கில் ஸ்விட்ச் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். இன்ஜின் அந்தக் கணமே அடங்கியது. ஓட்டுபவர் தவறி விழுந்தால், ஆளில்லாத வண்டி அவர்மீதே திரும்பி வராமல் தடுப்பது இந்தச் சுருள் கயிறுதான்.

வருகிறவர்களுக்கு இளைஞர் சொல்லித்தரும் பாடத்தை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன்.

"எதிர்ல ஏதாவது வந்தா ஆக்சிலேட்டரை முழுசா விட்டுடாதீங்க. லேசா பிடிச்சுக்கிட்டே திருப்புங்க."

பைக் ஓட்டிப் பழகிய கை பயத்தில் விட்டுவிடத்தான் பார்க்கும். இந்த வண்டிகளில் பிரேக் இல்லை. ஆக்சிலேட்டரை விட்டு, பீய்ச்சும் நீர் நின்றால் ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். இதைச் சொல்லும்போது பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது எனக்குக் கோபமாகவே இருந்தது. கொடுத்த காசுக்கு ஓட்டும் நேரம் மட்டும்தான் கணக்கு என்று நினைக்கிறோம். இந்த ஒரு நிமிடப் பேச்சும் அந்தக் காசில் சேர்ந்ததுதான்.

லைஃப் ஜாக்கெட்டைச் சட்டைபோல் திறந்து போட்டுக்கொண்டு ஒரு பையன் வண்டியில் ஏறினான். பெரியவர் கயிற்றைத் தரவில்லை.

"பக்கிள் போடு தம்பி."

போட்டான். தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் காதுவரை ஏறியது. அதைக் கழற்ற வைத்து, ஒரு சைஸ் சிறியதை மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டி, மறுபடி தூக்கிப் பார்த்த பிறகே கயிறு அவன் கைக்குப் போனது.