இருட்டில் நிற்பது யார்?

இன்றைய கைத்துப்பாக்கிகள் பலவற்றில் குழலுக்கு அடியில் 'ரெயில்' என்று ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதில் ஒரு சின்ன விளக்கை மாட்டலாம். ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-7ஏ 500 லூமன், ஷ்யூர்ஃபயர் எக்ஸ்300 அல்ட்ரா 1000 லூமன். இருண்ட படுக்கையறைக்கு அது நடுப்பகல் வெயில் மாதிரி.

டெக்ஸாஸில் வீட்டுப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கிறேன். விளக்கு மாட்டுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். மாட்டினால் ஒரு கை மிச்சம். 911 கூப்பிடலாம், கதவைத் திறக்கலாம், குழந்தையைத் தூக்கலாம். சுட நேர்ந்தால் இரண்டு கையாலும் பிடிக்கலாம். தனி டார்ச் என்றால், மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்துப் பிடிக்கும் ஹாரிஸ் முறை போன்ற ஒன்றைப் பழக வேண்டும்.

பாதகங்களும் உண்டு. இடுப்பில் கனம் கூடும். அந்த விளக்குக்கென்றே செய்த ஹோல்ஸ்டர் வேண்டும். வெளிச்சம் நாம் நிற்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகளில் இரண்டாவது: அழிக்கத் தயாராக இல்லாத எதன் மீதும் குழல்முனையைக் காட்டாதே. நான்காவது: இலக்கு எதுவென்று உறுதி செய்துகொள். விளக்கு துப்பாக்கியிலேயே இருந்தால் இரண்டும் மோதுகின்றன. யாரென்று தெரிய வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் அடிக்கக் குழலைத் திருப்ப வேண்டும். தரையிலோ கூரையிலோ அடித்தால் எதிரொளியிலேயே அறை தெரியும் என்று சொல்லித்தருகிறார்கள். உண்மைதான். ஆனால் பயத்தில் கை தாழ்ந்தே நிற்குமா?

கோடையில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருவார்கள். பத்தரை மணி நேர வித்தியாசம், முதல் வாரம் தூக்கமே பிடிக்காது. மற்றவர்கள் விழித்துவிடக் கூடாதென்று, அப்பா லைட் போடாமல் தடவித் தடவிப் போய் வெந்நீர் வைப்பார். எங்கள் வீட்டில் இரவு மூன்று மணிக்கு இருட்டில் நடமாடும் ஆள் பெரும்பாலும் அவர்தான். மனைவி சொன்னாள்: "மொதல்ல அது யாருன்னு தெரியணும்ங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அதைக் கேட்ட பிறகு வரிசை தெளிவானது. விளக்கை மாட்டினேன், துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. கட்டிலருகே தனி டார்ச், முதலில் கை போவது அதற்குத்தான். சமையலறைக்குப் போகும் வழியில், ஆள் நடந்தால் தானே எரியும் ஒரு குட்டி விளக்கு. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.