தனித்த ஏடு

இலண்டனில் பணிபுரிந்த நாள்களில் பழைய பறவைப் படங்களைச் சேர்க்கும் ஆவல் எனக்கு ஏற்பட்டது. செப்புத் தகட்டில் கோடுகளாகச் செதுக்கி, மை பூசி, ஈரத் தாளில் அழுத்தி அச்சிட்ட படங்கள் அவை. நிறங்களோ அச்சில் வந்தவையல்ல. ஒவ்வொரு படியிலும் தூரிகை கொண்டு கையாலேயே தீட்டப்பட்டவை.

அவற்றுள் நான் பெரிதும் விரும்பியவை எலீசர் ஆல்பின் என்பவரின் படங்கள். 1731 முதல் 1738 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய பறவை நூலில் 306 படங்கள் உள்ளன. தாமும் தம் மகளும் வண்ணம் தீட்டியதாக அவர் நூலின் முகப்பிலேயே அறிவித்தார். எலிசபெத் என்னும் அம்மகள் சில படங்களை வரைந்தும் உதவினார். பெற்ற பிள்ளையின் உழைப்பை மறைக்காத அத்தந்தையை எண்ணி மகிழ்ந்தேன்.

ஒரு சனிக்கிழமை, பழைய படங்கள் விற்கும் கடையொன்றில் ஆல்பினின் ராபின் குருவி கிடைத்தது. சிலுவையில் தொங்கிய ஆண்டவரின் சிரசிலிருந்து முள்ளைப் பிடுங்கியதால் அதன் மார்பு சிவந்தது என ஐரோப்பிய மக்களிடையே ஒரு பழங்கதை வழங்குகிறது. அம்மாதச் செலவைச் சுருக்கி அதனை வாங்கினேன்.

அன்றிரவு செபமாலை முடிந்ததும் வீட்டாருக்குக் காட்டினேன். மகள் உற்றுப் பார்த்து, "அப்பா, ஓரத்தில் ஏன் வரிசையாகத் துளைகள்?" என்றாள்.

"புத்தகமாகத் தைத்திருந்த துளைகள், அம்மா."

"அப்படியானால் மற்ற ஏடுகள் எங்கே?"

என்னால் மறுமொழி கூற இயலவில்லை. தனித்தனிப் படமாக விற்றால் மிகுந்த பணம் கிடைக்குமென்று, முழு நூல்களையே பிரித்துவிடுவோர் உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாயிருந்தவை ஒரே நாளில் சிதறிப்போகின்றன. கத்தியை எடுத்தவன் நானல்லன். ஆயினும் வாங்குவோர் இருப்பதாலன்றோ கத்திக்கு வேலை? முள்ளைப் பிடுங்கியது குருவி. ஏட்டைப் பிடுங்கியதில் எனக்கும் பங்குண்டு. அன்றைய ஆன்ம சோதனையில் இதை மறைக்க மனம் இடந்தரவில்லை.

அதன்பின் ஏடு எதையும் நான் வாங்கவில்லை. வெளிச்சம் பட்டால் நிறம் மங்குமென்பதால், அந்த ஒன்றைப் பெட்டியில் வைத்துக் காத்து வருகிறோம். காண விரும்புவோருக்கு அந்தத் தந்தையையும் மகளையும் பற்றிச் சொல்கிறேன். ஓரத்துத் துளைகளையும் காட்டுகிறேன்.

அன்பர்களே, நாம் ஆசையோடு வாங்கும் பொருள் எதிலிருந்து பிரிக்கப்பட்டது என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக. அக்கேள்வியை நாம் மறந்தாலும், நம் பிள்ளைகளின் வாயிலாக இறைவன் கேட்கிறார்.