பொதிகைக்கு வழி தம்பானூரில்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே. முதுகுப் பையோடு இங்கே இறங்குகிறவர்களில் சிலருக்குக் கோவளம் கடற்கரையில் அக்கறையில்லை. அவர்கள் போவது நெடுமங்காடு, விதுரா தாண்டி போனக்காட்டுக்கு. அங்கிருந்துதான் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு ஏற்றம் தொடங்குகிறது.

தமிழுக்கு இலக்கணம் தந்ததாகச் சொல்லப்படும் முனிவரைத் தரிசிக்க, தமிழர்களுக்கும் கேரளத்துப் பாதைதான் கதி. தாமிரபரணி பிறக்கும் மலைதான். ஆனால் பாபநாசம் வழி பக்தர்களுக்குத் திறப்பதில்லை.

திட்டமிடல் டிசம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும். சீசன் பொதுவாக ஜனவரி நடுவில் ஆரம்பம். கேரள வனத்துறையின் இணையப் பதிவில் இடங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். உடல்தகுதிச் சான்றிதழ் அவசியம். பிளாஸ்டிக், மது கூடாது. தேங்காய், கற்பூரம் கொண்டு போக நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்: பூஜைப் பொருட்களுக்கும் தடை. முதல் இரவு அதிரமலை முகாமில், மறுநாள் உச்சி. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். யானைக் காடு என்பதால் வழிகாட்டி இல்லாமல் நகர முடியாது.

வழிகாட்டிகளில் பலர் காணிக்காரர்கள். அகத்தியர் அவர்களுக்குக் குலதெய்வம்; பிரம்மச்சாரி. அதனால் பெண்கள் ஏறக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களுக்கும் அனுமதி அளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறியபோது, காணிக்காரர்கள் போனக்காட்டில் கூடி எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். வழியை மறிக்கவில்லை.