கேட்பவர் மொழி: தில்லியில் ஓர் இறுதி மாதத்தின் குறிப்புகள்

ஏப்ரல் 24

தொடர்பியல் என்பது செய்தி எழுதும் பயிற்சி மட்டுமன்று. ஒருவர் சொல்வது மற்றொருவரை எவ்வழியில், என்னென்ன மாற்றங்களுடன் சென்றடைகிறது என்பதை ஆராயும் துறை. இதனைக் கற்பிப்பதற்கென 1965 ஆகஸ்ட் 17 அன்று, அப்போது தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த இந்திரா காந்தி தொடங்கிவைத்த இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம், தென்தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அருகில் அமைந்துள்ளது. தில்லியிலும் பிற மாநில வளாகங்களிலுமாக ஆங்கிலம், இந்தி, உருது, ஒடியா, மராத்தி, மலையாளம் ஆகிய மொழிகளில் அது நடத்திவந்த இதழியல் பட்டயப் படிப்புகளின் வரிசையில் தமிழ் இல்லை. ஆகவே தமிழகத்திலிருந்து இங்கு வந்து ஆங்கில வழியில் பயின்ற மாணவி ஒருவருக்கு, வகுப்புகள் இன்றுடன் நிறைவுற்ற நிலையில், கையில் எஞ்சியிருப்பது இரு பத்திகளாகப் பகுக்கப்பட்ட ஒரு குறிப்பேடு. இடப்பக்கம் ஆங்கிலக் கலைச்சொற்களால் நிறைந்திருக்க, தமிழுக்கென விடப்பட்ட வலப்பக்கத்தில் வெற்றிடங்களே மிகுந்துள்ளன.

ஏப்ரல் 30

இந்தியத் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில்தான் தொடங்கியது. 1967 ஜனவரி 26 முதல் ஒளிபரப்பான 'கிருஷி தர்ஷன்' என்னும் வேளாண் நிகழ்ச்சி, தலைநகரைச் சுற்றியிருந்த 80 சிற்றூர்களின் உழவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் கொண்டுசென்ற சைட் திட்டம் அதனினும் பெரிது. அதன் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பாடநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஆயினும் மானிடவியலாளர்கள் சிற்றூர்களிலேயே தங்கி, மக்கள் எதைப் பார்த்தனர், எதை எப்படிப் புரிந்துகொண்டனர் என்று பொறுமையுடன் பதிவுசெய்ததே அத்திட்டத்தின் தலையாய பணி என்று இம்மாணவி தம் தேர்வுத் தாளில் எழுதியுள்ளார். அவர் எழுதியது சரியே. கேட்பவரிடமிருந்து சொன்னவருக்குத் திரும்பி வரும் மறுமொழியைப் பின்னூட்டம் என்பர். அது இல்லாதபோது ஒலிபரப்பு வெறும் அறிவிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

மே 6

வெயில் ஏற ஏறத் தில்லிச் சாலைகளில் சரக்கொன்றை பொன்னாய்ப் பூத்துத் தொங்குகிறது. கார்காலத்தில் திரும்புவதாகக் கூறிச் சென்ற தலைவன் வராதிருக்க, பூத்த கொன்றையைக் கண்டு கலங்கும் தலைவியிடம், பருவமல்லாத மழையைக் கார் என மயங்கி அம்மரம் பூத்துவிட்டது என்று தோழி ஆற்றுவிக்கும் குறுந்தொகைப் பாடலை இங்கு எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. கிளாட் ஷானன் 1948இல் வகுத்த தொடர்பியல் மாதிரியில், செய்தி செல்லும் வழியில் புகுந்து அதைத் திரிக்கும் எதுவும் 'இரைச்சல்' எனப்படும். அவர் கருதியது மின்வழிச் செய்தியின் குறுக்கீட்டை. அப்பாடலிலோ மழை என்னும் குறியை மரம் பிழையாக வாசிக்கிறது, மரத்தின் குறியைத் தலைவி தன் துயரோடு வாசிக்கிறாள், தோழி அதற்கு வேறொரு பொருள் தருகிறாள். தமிழில் தொடர்பியல் கற்பிக்க முற்படும் ஆசிரியர் இப்பாடலிலிருந்தே தொடங்கலாம்.

மே 11

விடுதி அறைகள் காலியாகின்றன. தேநீர்க்கடையில் கற்ற இந்தியும், ராமகிருஷ்ணபுரத்துத் தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளும் பாடத்திட்டத்தில் இல்லாதவை. எனினும் அவற்றையும் இவ்வாண்டின் கல்வியாகவே கொள்ள வேண்டும்.

மே 15

நொய்டாவின் செய்தித் தொலைக்காட்சி ஒன்றில் பணி வாய்ப்பு உள்ளது. வீட்டார் அதையே விரும்புகின்றனர். மாணவியின் நாட்டமோ சமுதாய வானொலியில், அதாவது ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் ஆரத்திற்குள் வாழும் மக்களுக்காக, அவர்களையே பங்கேற்கச் செய்து நடத்தப்படும் சிறு நிலையங்களில் உள்ளது. ஒலிபரப்புக்கான அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் அளித்த தீர்ப்பே இவற்றுக்கு அடித்தளம். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக வானொலி தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் பெற வழி திறந்தது. பாம்பனில் மீனவர்களுக்காக 2016 முதல் இயங்கும் 'கடல் ஓசை' அவ்வழியில் வந்தது. அங்கு சென்று ஓராண்டு பணியாற்றுவதென அவர் முடிவுசெய்துள்ளார். ஊதியம் குறைவாக இருக்கும் என்பதை அறிந்தே எடுத்த முடிவு இது.

வானிலை அறிக்கை திசையையும் வேகத்தையும் எண்களாகத் தருகிறது. கடலோரத்தாருக்கோ காற்று என்பது வாடை, கொண்டல், கச்சான் எனத் தனித்தனிப் பெயரும் குணமும் உடையது. குறிப்பேட்டில் புதிய பக்கமொன்று தொடங்கப்பட்டு, இம்முறை இடப்பக்கத்தில் அக்காற்றுகளின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. வலப்பக்கம், பாம்பன் கரையில் கேட்டு எழுதுவதற்காகக் காலியாக விடப்பட்டுள்ளது.