செம்பில் கிடைத்த பாட்டு

மார்ச் 10, 2025. சித்தூர்

பாடகர் கரிமெல்ல பாலகிருஷ்ண பிரசாத் நேற்று திருப்பதியில் காலமானார். காலையில் பால் வாங்கப் போனால், கடைக்காரர் அவருடைய ‘வினரோ பாக்யமு’வைப் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றிருந்தார். கோயில் மைக்கிலும் பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் இந்த ஊரில் சதா கேட்கிற குரல். அவருடைய ஆல்பங்களை வரிசையாக வைத்து, வேறு வேலை பார்க்காமல், உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1978-ல் தொடங்கிய அன்னமாச்சாரியா திட்டத்தில் சேர்ந்து, 600-க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு மெட்டுப் போட்டவர் அவர். அன்னமாச்சாரியா என்கிற அன்னமய்யா, திருமலை வேங்கடவன் மேல் தெலுங்கில் பாடியவர்; காலம் 1408 முதல் 1503 வரை. அவர் பாட்டுக்கு இந்தக் காலத்தில் எதற்கு மெட்டு? பழைய மெட்டு போய்விட்டது. 32,000 பாடினார் என்பார்கள். கிடைத்திருப்பவை சுமார் 13,000. மகன் பெத்த திருமலாச்சாரியார் அவற்றைச் செப்பேடுகளில் வெட்டி வைத்ததால் பிழைத்தன. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயர் உண்டு, ஸ்வரம் கிடையாது. ஆகவே இந்த ஆல்பங்களில் நாம் கேட்பது, ஐந்நூறு வருஷ இடைவெளியில் இரண்டு பேர் சேர்ந்து செய்த பாட்டு.

மார்ச் 14

இன்று முழுக்க நாட்டுப்புறப் பாங்கான பாடல்கள். அன்னமய்யா தாலாட்டை எடுத்துக்கொண்டார், கோலாட்டத்தை எடுத்துக்கொண்டார், நெல் குத்தும்போது பாடும் சுவ்விப் பாட்டை எடுத்துக்கொண்டார். நம் பக்கத்து வள்ளைப் பாட்டுக்கு அக்கா தங்கை முறை அது. வேலை செய்கிற பெண்களின் வாயிலிருந்த சந்தத்தை வாங்கி, அதில் வேங்கடவனை உட்கார வைத்தார்.

அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். சுவ்விப் பாட்டு வந்ததும் முறம் மடியில் நின்றுவிட்டது. வலது கை மெல்ல எழுந்து இறங்கியது; இரண்டு அடிக்கு ஒருமுறை இடது கைக்கு மாறியது. உலக்கையைக் கை மாற்றுவது அப்படித்தானாம். “எங்க அவ்வா வீட்டுல ரெண்டு பேரு எதிரும் புதிருமா நின்னு குத்துவோம்மா. பாட்டு தப்பினா உலக்கை இடிக்கும்” என்றார். மூச்சும் கையும் சேர்ந்து போகிற இடத்தில்தான் அந்தச் சந்தம் முறிகிறது. பிரசாத் அந்த இடத்தை ஒரு கமகத்தாலும் நிரப்பவில்லை. கச்சேரி வித்வானுக்கு இது எளிதில் வராது. பிரசாதோ வித்வான் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தியிடம் பயின்றவர். வித்தை கையில் இருந்தும் அதை இங்கே அடக்கி வைத்தார். அவருடைய பெருமையை நான் இதில்தான் பார்க்கிறேன்.

மார்ச் 17

எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’. 1980 வாக்கில் தேவஸ்தானத்துக்காக ஐந்து இசைத்தட்டுகளாக வந்தது. தமிழ் வீடுகளுக்குள் அன்னமய்யாவை அழைத்து வந்ததே இந்தத் தட்டுகள்தான் என்பேன். அப்பழுக்கில்லாத இசை. ஆனால் அதில் பாட்டு கருவறைக்கு எதிரே நிற்கிறது. பிரசாதிடம் மாட வீதியில் நடக்கிறது. எனக்கு வீதிதான் பிடித்திருக்கிறது.

மார்ச் 23. திருமலை

அருங்காட்சியகத்தில் செப்பேடுகளைப் பார்த்தேன். நெருக்கி நெருக்கி வெட்டிய தெலுங்கு எழுத்து. பாட்டுக்குப் பாட்டு இடம் விடக்கூட மனமில்லாத சிக்கனம். கோயிலுக்குள் உண்டியலுக்கு எதிரே ஒரு சின்ன அறையில் இவை நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தன. 1920-களில்தான் உலகம் அறிந்தது. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி எழுத்தைப் படித்துப் பதிப்பித்தார். பிறகு, மைசூரில் தெலுங்குப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா வந்தார். பதிப்பு வேலையோடு நிற்காமல், நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு ஸ்வரமும் எழுதினார். அந்த வயதில் அந்த உழைப்பு! இவர்கள் பெயரை ஒவ்வொரு ஆல்பத்தின் உறையிலும் அச்சடிக்க வேண்டும்.

மார்ச் 26. திருப்பதி

அன்னமய்யாவின் வர்தந்தியை, அதாவது நினைவு நாளை, ஒட்டிப் புறப்பட்டேன். வழியில் சந்திரகிரிக் கோட்டை, சாளுவ நரசிம்மன் இருந்து ஆண்ட இடம். தன்னைப் பற்றி ஒரு பாட்டுப் பாடச் சொல்லி அன்னமய்யா மறுத்ததால் அவன் விலங்கு பூட்டினான் என்பது பேரன் சின்னன்னா எழுதிய சரித்திரத்தில் வருகிற கதை. சுயேச்சையாக எழுதிப் பாடுகிறோம் என்று இன்று கிதாரோடு வருகிற பிள்ளைகளுக்கு இவரைவிடப் பெரிய முன்னோடி யார்? அரசன் தூங்கும் தூக்கமும் வேலைக்காரன் தூங்கும் தூக்கமும் ஒன்றே என்று அந்தக் காலத்திலேயே பாடிவிட்டார். அதையும் தத்துவ நடையில் சொல்லாமல், ‘தந்தனானா’ என்று கூத்துக்காரர் தாளத்தில் வைத்தார்.

அன்னமாச்சாரியா கலா மந்திரத்தில் ஏழு பாடல்களைக் கூட்டமாகப் பாடினார்கள். பக்கத்தில் இருந்த பெண்மணி, “மீரு பாடண்டி” என்று என் பக்கம் புத்தகத்தை நகர்த்தினார். எனக்குத் தெலுங்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். மெட்டுதான் முன்னால் இழுத்துக்கொண்டு போயிற்று. அத்தனை பேரும் பாடியது அன்னமய்யாவின் சொல்லை, நம் காலத்து வித்வான்களின் மெட்டில்.

இன்னும் ஆயிரக்கணக்கான பாடல்கள் மெட்டுக்குக் காத்திருக்கின்றன. யாராவது ஓர் இளையவர் பிரசாதைப் போல அவற்றோடு உட்கார வேண்டும், முதலில் சுவ்விப் பாட்டுகளை எடுத்துக்கொண்டு. அந்த உலக்கையைக் கை மாற்றத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறபோதே.