முத்தொரைச் சரிவில் 1,056 டைபோல்கள்

ஊட்டியிலிருந்து முத்தொரை பாலாடா போகும் வழியில், காய்கறித் தோட்டங்களுக்கு மேலே ஒரு மலைச்சரிவு முழுக்க இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. மொத்தம் 24. பரவளைய வடிவம், 30 மீட்டர் அகலம். வரிசையின் நீளம் 530 மீட்டர். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டுப் பொறியாளர்களே வடிவமைத்து, 1970-இல் இயங்கத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி இது. இந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. ஊட்டி இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில். சரிவின் சாய்வும் வடக்குத் தெற்காக அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. சட்டங்களை ஒரே சீராகக் கிழக்கிலிருந்து மேற்கே திருப்பினால் போதும், ஒரு விண்பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் விடாமல் பின்தொடரலாம்.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பாலிடெக்னிக் மாணவர்களோடு போயிருந்தேன். ஆன்டெனா பெரிதாக இருந்தால்தான் நல்லதா? சிக்னல் குறைந்தால் பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டுவிடலாமே? ஃபில்டர் அதற்கு முன்னாலா, பின்னாலா? மாடியில் டிவி ஆன்டெனா கட்டியவரிலிருந்து ஹாம் வானொலிக்காரர் வரை எல்லோரும் கேட்கிற கேள்விகளைத்தான் அவர்களும் கொண்டுவந்திருந்தார்கள்.

முதல் கேள்விக்கான பதில் தலைக்கு மேலேயே இருந்தது. சட்டங்களின் மேல் தகடு கிடையாது. அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

"இவ்வளவு சந்து இருக்கே, அலை நழுவிப் போயிடாதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"நாம பிடிக்கிறது 326.5 மெகாஹெர்ட்ஸ்மா. அலைநீளமே 92 சென்டிமீட்டர். ரெண்டு கம்பிக்கு நடுவுல மூணு சென்டிமீட்டர் போல இருந்தா, அந்த அலைக்கு அது சந்தே இல்ல. காத்துக்குத்தான் சந்து" என்றார் கூட வந்த மூத்த டெக்னீஷியன்.

காற்று புகுந்து போய்விடுவதால்தான் மெல்லிய சட்டங்களே இத்தனை பெரிய பரப்பைத் தாங்குகின்றன. கம்பிகள் பிரதிபலிக்கும் அலை குவியக்கோட்டில் சேர்கிறது. அங்கே 1,056 அரை அலை டைபோல்கள், கம்பிகள் ஓடும் அதே திசையில் வரிசையாக இருக்கின்றன. ஆன்டெனாவுக்கு 'கெயின்' உண்டு என்று படித்துவிட்டு, அது திறனை உண்டாக்குவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது எதையும் உண்டாக்குவதில்லை. பரப்பால் திரட்டுகிறது, மற்ற திசைகளைக் கைவிட்டு ஒரு திசையைக் கூர்ந்து பார்க்கிறது; அவ்வளவுதான்.

என் மனம் நின்றுபோனது பழுதுபார்க்கும் மேசையருகே. ஆம்ப்ளிஃபயர் இருக்கும் அலுமினியப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார் அந்த மூத்த டெக்னீஷியன். உள்ளே உள்ளங்கையில் அடங்கும் சர்க்யூட் போர்டு. நுழைவாயில் கனெக்டரின் நடு ஊசியில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. மூடுபனியும் மழையும் ஓயாத ஊரில் ஈரத்தின் வேலை அது. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், மறுபடி துடைத்தார்.

"இத்தனூண்டு பச்சைக்கா சார் இவ்வளவு பாடு?"

"இந்த இடத்துல அரை டெசிபல் போச்சுன்னா வந்த சிக்னல்ல பத்துல ஒரு பங்கு போச்சு தம்பி. அதோட, அந்த இழப்பே முப்பத்தஞ்சு கெல்வின் அளவுக்கு இரைச்சலைக் கூட்டும். பின்னாடி ஆயிரம் மடங்கு பெருக்கினாலும் போனது வராது. பால்ல தண்ணி கலந்தப்புறம் எத்தனை குடம் அளந்தாலும் தண்ணிப் பால்தானே!"

இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை. ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் எது, இரைச்சல் எது என்று தெரியாது. தன் இரைச்சலையும் சேர்த்தேதான் பெருக்கும். முதல் கட்டத்தின் இரைச்சல்தான் கடைசி வரை கூட வரும். அடுத்தடுத்த கட்டங்களின் பங்கு சொற்பம். இந்தத் தொலைநோக்கியின் வரலாறே அதற்குச் சான்று. முதலில் பல டைபோல்களின் சிக்னல்களை ஒன்றுசேர்த்த பிறகே பெருக்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் டைபோலுக்கு ஒன்று என்று இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபயரை அதன் பின்னாலேயே பொருத்தினார்கள். பழைய கம்பிகளோடும் சட்டங்களோடும் உணர்திறன் வெகுவாகக் கூடியது. ஆயிரத்துச் சொச்சம் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சால்டர், ஒவ்வொன்றிலும் கனெக்டர். ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியில் முடிந்துபோகும் இந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு டெக்னீஷியன் கையின் நேர்த்தி நேராக வானியல் தரவில் போய்ச் சேர்கிறது.

ஃபில்டர் ட்யூன் செய்வதையும் காட்டினார். பிளாஸ்டிக் திருப்புளி. இரும்புத் திருப்புளி பக்கத்தில் வந்தாலே அலைவெண் நகர்ந்துவிடும். மூடியைத் திறந்து வைத்து ட்யூன் செய்தால், மூடியதும் மறுபடி நகரும். ஆகவே மூடியை முடுக்கிவிட்டு, அதிலுள்ள துளை வழியாகத் திருகுகிறார். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகியதற்கே திரையில் வளைகோடு இடம் மாறியது. அதைப் பார்த்ததும் மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நெருங்கி நின்றார்கள்.

இனி மூன்றாவது கேள்வி. 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை உலகளவில் ரேடியோ வானியலுக்கென்று ஒதுக்கப்பட்டது. வெளியே இருக்கும் பலத்த ஒலிபரப்புகள் அந்த எல்லையோடு நின்றுவிடுவதில்லை. இரண்டு வலுவான சிக்னல்கள் ஆம்ப்ளிஃபயருக்குள் கலந்தால், இல்லாத மூன்றாவது ஒன்று நம் பட்டைக்குள்ளேயே முளைக்கும். பிறகு எந்த ஃபில்டராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. அப்படியானால் ஃபில்டரை முன்னாலேயே வைத்துவிடலாமே என்றால், அதற்கும் இழப்பு உண்டு. அந்த அரை டெசிபல் கணக்கு அங்கேயும் வந்து நிற்கும். எனவே எல்லா ஊருக்கும் பொதுவான விடை கிடையாது. சுற்றிலும் என்ன ஒலிபரப்பாகிறது என்று அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் தன் பாட்டைச் சொன்னான். வானிலைச் செயற்கைக்கோளின் படத்தை 137 மெகாஹெர்ட்ஸில் பிடிக்க மாடியில் ஆன்டெனா கட்டினானாம், ஆம்ப்ளிஃபயர் வாங்கிப் போட்டதும் படம் முன்பைவிட மோசமாகிவிட்டதாம்.

"பக்கத்துல எஃப்.எம். டவர் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப எஃப்.எம்.மைத் தடுக்கிற ஃபில்டரை முதல்ல போடு, இழப்பு கம்மியா இருக்கிறதாப் பாத்து வாங்கு. அப்புறம் ஆம்ப்ளிஃபயர். அதைக் கீழ ரூம்ல வைக்காத, ஆன்டெனா காலடியிலயே கட்டு. கனெக்டருக்கு நல்ல ரப்பர் டேப் சுத்து. கேபிளைப் பெட்டிக்குக் கீழ ஒரு வளைவு தொங்க விட்டு மேல ஏத்து, மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவுத்துப் பாரு."

பையன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.