பழுகாமத்து இரவில் இரண்டு சைக்கிள்கள்

களுவாஞ்சிக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாய் விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும் எங்கள் முன்னோர் பெயரிட்டார்கள். சூரியன் எழுகின்ற கரை, சூரியன் படுகின்ற கரை. படுவான்கரையில் இருட்டு கொஞ்சம் முந்தியே வந்துவிடுகிறது என்று சின்ன வயதில் நான் நம்பியிருந்தேன். தெருவிளக்குகள் குறைவு என்பதுதான் அதன் விளக்கம் என்று பிறகுதான் புரிந்தது.

பழுகாமத்தில் எனது சின்னம்மா இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். கணவர் இல்லை. மகள் களுவாஞ்சிக்குடியில் ஒரு கடையில் வேலை செய்கிறாள், மகன் படித்துக்கொண்டிருக்கிறான். நான் போனது தை மாதம். பெரும்போக வேளாண்மை முற்றி, வெட்டுக்குக் காத்திருக்கும் காலம். இந்தக் காலத்தில்தான் யானைகளும் வட்டைக்குள் இறங்கும். அதனால் இரவில் காவல் இருக்க வேண்டும். சின்னம்மாவின் தம்பி காவலுக்குப் போகிறார். அவருக்கு இராச்சாப்பாடு கொண்டுபோவது சின்னம்மாவின் வேலை.

"நீயும் வாறியா மனே? பக்கத்திலதான். சைக்கிள் ரெண்டு இரிக்கு" என்றார். சரி என்றேன்.

புறப்படும்போதுதான் அவரது தலையைக் கவனித்தேன். மகளின் பழைய ஹெல்மெற் ஒன்று, முகக் கண்ணாடி கழற்றப்பட்டது. அதன் நெற்றிப்பக்கத்தில் ஒரு சிறிய ரோச் லைற் இருந்தது. சைக்கிளில் போகும்போது மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் போடுகிறவர்களை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கோபிக்கவில்லை.

"சிரி, சிரி. ரோச்ச கையில புடிச்சா பிறேக்க எந்தக் கையால புடிக்கிற?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உலகத்தில் தலையில் விளக்குக் கட்டிய எல்லோரும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்கு இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். ஆகவே நூறு வருடங்களுக்கு முன்பே தொப்பியில் காபைட் விளக்கைக் கொளுவிக்கொண்டு நிலத்துக்குக் கீழே இறங்கினார்கள். இரவில் தோணியில் நின்று வலை வீசுகிறவருக்கும் இரண்டு கை வேண்டும். சாப்பாட்டுப் பையோடு கிறவல் ரோட்டில் சைக்கிள் ஓடுகிற பெண்ணுக்கும் அப்படித்தான்.

தம்பி செய்து கொடுத்த வேலையை வாங்கிப் பார்த்தேன். ஒரு துண்டு பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து தொட்டில் போல ஆக்கியிருந்தான். அதற்குள் ரோச் படுத்திருந்தது. அடியில், ஹெல்மெற்றின் வளைவுக்கு ஏற்றபடி வெட்டிய பழைய ரப்பர் செருப்புத் துண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஹெல்மெற்றைச் சுற்றிப் பிடித்திருந்தது சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய அகலமான வளையம். ஆணி இல்லை, துளை இல்லை, பசை இல்லை.

"ஏன் ஒரு ஸ்குரூ போட்டு இறுக்கவில்லை?" என்று கேட்டேன்.

தம்பி ஹெல்மெற்றைத் திருப்பி உள்ளே இருந்த ரிஜிபோமைக் காட்டினான். விழும்போது அடியைத் தன்மேல் வாங்கி நசுங்குவது அதுதான். வெளி ஓடு அந்த அடியைப் பரவச் செய்கிறது. துளை போட்டால் ஓடு பலம் குறையும். ஸ்குரூவின் முனை தலையைப் பார்த்தபடி நிற்கும். பெயின்றும் தின்னரும் வலுவான பசையும் சிலவகை ஓடுகளைத் தின்றுவிடும். "ரப்பர் எண்டா, விழேக்க ரோச் கழண்டு ஓடிரும் அக்கா. அது கழறத்தான் வேணும்" என்றான்.

அவன் சொன்னது சின்ன விசயம் அல்ல. 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சில் மெரிபெல் என்ற இடத்தில் பனிச்சறுக்கும்போது பாறையில் தலை மோதிப் படுகாயமடைந்தார் காரோட்ட வீரர் மைக்கேல் ஷூமாக்கர். அவரது ஹெல்மெற்றில் ஒரு கமெரா பூட்டப்பட்டிருந்தது. காயம் கடுமையானதற்குக் கமெராதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. எனினும் ஹெல்மெற்றின் மேல் கெட்டியான ஒரு பொருளை அசையாமல் பூட்டுவது நல்லதா என்ற கேள்வியை அந்த விபத்து உலகெங்கும் எழுப்பிவிட்டது.

இரண்டு பேரும் புறப்பட்டோம். என் சைக்கிளின் கைபிடியில் இன்னொரு ரோச் கட்டப்பட்டிருந்தது. வீடுகள் முடிந்ததும் இருபுறமும் வயல். தவளைச் சத்தம். தூரத்தில் எங்கோ யானைவெடி ஒன்று வெடித்து அடங்கியது. எனக்கு நெஞ்சு பதறியது. "அது அங்கால, வெல்லாவெளிப் பக்கம்" என்றார் சின்னம்மா. யானைக்கும் மனிதருக்குமான பகை இந்த நாட்டில் எத்தனை உயிர்களைக் குடிக்கிறது என்பது நமக்குத் தெரியும். 2023 என்ற ஒரு வருடத்தில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட யானைகளும் 150-க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். இருட்டில் ரோட்டில் நிற்கும் யானை, கிட்டப் போகும் வரை வெறும் இருட்டாகவே தெரியும்.

அந்தச் சவாரியில் நான் ஒன்றைக் கண்டுகொண்டேன். தலையில் உள்ள வெளிச்சம், நாம் பார்க்கிற பக்கமெல்லாம் திரும்புகிறது. பற்றை அசைந்தால் அங்கே பார்க்கலாம், வளைவு வரும் முன்பே வளைவைப் பார்க்கலாம். ஆனால் அந்த வெளிச்சத்தில் குழி தெரிவதில்லை! விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் குழியின் நிழல் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ரோட்டு முழுவதும் தட்டையாய்த் தெரிகிறது. கைபிடியில் தாழ்வாகக் கட்டிய விளக்குத்தான் நிழலை நீட்டிக் குழியைக் காட்டித் தருகிறது. மழையிலும் பனிமூட்டத்திலும் தலைவிளக்கு கண்முன்னே வெள்ளைத் திரை ஒன்றைப் போட்டுவிடும்; ஈசல் காலத்தில் பூச்சியெல்லாம் முகத்துக்கு வரும். ஆகவே ரோட்டுக்குக் கைபிடியில் ஒன்று, பார்வைக்குத் தலையில் ஒன்று. ஒன்றுதான் இருக்கிறதென்றால் கைபிடியில் கட்டுவதே நல்லது.

வாடியில் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அது நடந்தது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. உடனே சின்னம்மா ஒரு கையைத் தூக்கி நெற்றி விளக்கைப் பொத்திக்கொண்டார். சைக்கிள் ஒரு கையில் தள்ளாடியது. மோட்டார் சைக்கிள் எங்களை உரசுவது போலக் கடந்து போனது. ஓட்டியவருக்கு நாங்கள் அங்கே இருந்தது கடைசி நேரத்தில்தான் தெரிந்திருக்கும்.

"ஏன் சின்னம்மா பொத்தினீங்க?"

அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. கையைப் பார்த்தார். பிறகு சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டே சொன்னார். "அந்த நேரத்துப் பழக்கம் மனே."

படுவான்கரை 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் படையினர். காவலரண் கிட்ட வந்தால் வாகனங்கள் முன்விளக்கை அணைக்க வேண்டும், சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி உருட்ட வேண்டும். இரவில் அசைகின்ற ஒரு வெளிச்சம் யாருடையது என்று இரண்டு பக்கமும் கேட்கும். ஆகவே வெளிச்சம் இல்லாமல் போவதே பாதுகாப்பு என்று ஒரு தலைமுறைப் பெண்கள் பழகிக்கொண்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பேறுகால வலி என்றாலும், நிலா வெளிச்சத்தை நம்பித்தான் புறப்பட்டார்கள். 1990களின் முற்பகுதியில், பற்றரி தடை செய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டார்கள். அங்கே சைக்கிள் வெளிச்சத்தையும் செய்தியையும் தந்தது. இங்கே சின்னம்மாவுக்கு அது இருட்டில் ஓடப் பழக்கியிருந்தது.

யுத்தம் முடிந்து இத்தனை வருடங்கள் ஆகியும் கை மட்டும் மறக்கவில்லை. அன்று ஒளிந்திருப்பது காப்பாற்றியது. இன்று வாகனங்கள் ஓடுகின்ற ரோட்டில் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. 2022-இல் பெற்றோல் இல்லாமல் நாடே சைக்கிளுக்குத் திரும்பியதும், மணிக்கணக்காய் மின்வெட்டில் ரோட்டெல்லாம் இருண்டு கிடந்ததும் நினைவிருக்கும். அப்போதுதான் தம்பி இந்த விளக்கைக் கட்டிக் கொடுத்தானாம்.

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சியும் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள். அவளது ஹெல்மெற்றின் பக்கவாட்டில் உடைந்த செல்பிக் கம்பியின் பிடி ஒன்று கட்டியிருந்தது. அதில் பழைய போன். ஏனென்று கேட்டேன். பாலத்துக்கு இப்பால் இரண்டு பையன்கள் சில நாட்களாக மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து வந்து கூச்சலிடுகிறார்களாம். சொன்னால் யாரும் நம்புவதில்லையாம். "படம் இருந்தா நம்புவாங்கதானே அக்கா?"

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போன் ஒன்றைத் தலையின் ஒரு பக்கத்தில் கட்டினால் கழுத்து அந்தப் பக்கம் இழுபடும். விழுந்தால் அதுவே முதலில் நிலத்தில் மோதும். அதைக் கழற்றி ஸ்கூட்டியின் முன்பக்கம் பூட்டுவதென்று முடிவு செய்தோம். இன்னொன்றும் பேசினோம். தலையில் உள்ள கமெரா, தலை திரும்பும் பக்கமெல்லாம் எடுத்துக்கொள்ளும். வேலிக்கு அப்பால் கிணற்றடியில் குளிக்கிற பெண்ணையும் எடுக்கும். நமக்குச் சாட்சி வேண்டும் என்பதற்காக இன்னொரு பெண்ணின் முற்றத்தை நாம் படமெடுக்கக் கூடாது. ரோட்டைப் பார்த்து மட்டும் இருக்கட்டும்; வீடு வந்ததும் அணையட்டும். பின்தொடரும் பையன்களைப் பற்றி அம்மாவுக்கும் மாமாவுக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்றேன். அவள் அதுவரை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவுதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் மூவரும் திண்ணையில் இருந்து வேலை செய்தோம். வாசகியர் தங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

ரோச் சின்னதாக, பாரமில்லாமல் இருக்கட்டும். வெள்ளை வெளிச்சம் தரும் இந்த எல்.ஈ.டி. ரோச்களுக்கு வழி திறந்தது நீல எல்.ஈ.டி.; அதைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கும் 2014-இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. சின்ன மின்கலத்திலேயே அவை போதிய வெளிச்சம் தரும். லிதியம் மின்கலம் என்றால் நசுங்கியது, வீங்கியது எதையும் தலைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பத்து மீற்றர் அளவு முன்னால் ஒளி விழும்படி வையுங்கள். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு செக்கனில் 4 மீற்றருக்கு மேல் ஓடிவிடுகிறது. கண்டு, யோசித்து, பிறேக் பிடித்து நிற்க அந்தத் தூரம் வேண்டும். எதிரே ஆள் வந்தால் தலையைச் சற்றுத் தாழ்த்துங்கள். அவருடைய கண்ணைக் கூசச் செய்து அவரைக் குழியில் தள்ள வேண்டாம்.

பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றும் ஒளி தெறிக்கும் பட்டியும் மறக்க வேண்டாம். முன்விளக்கு நாம் பார்ப்பதற்கு. பின்விளக்கு நம்மைப் பார்ப்பதற்கு. ஒளிப்பட்டியைச் சின்னம்மாவின் சாப்பாட்டுப் பையில் தங்கச்சி தைத்துக் கொடுத்தாள்.

யானை தெரிந்தால் வெளிச்சம் அடித்து வேடிக்கை பார்க்க நிற்காமல், வந்த வழியே திரும்புங்கள்.

அன்றிரவும் சாப்பாடு கொண்டு போனோம். திரும்பும் வழியில் பின்னால் ஓட்டோ ஒன்றின் சத்தம் கேட்டது. சின்னம்மாவின் கை கைபிடியிலிருந்து எழும்பியது. பாதியில் நின்றது. மறுபடி கைபிடிக்கே போனது. ஓட்டோக்காரர் தூரத்திலேயே எங்களைக் கண்டு, வேகத்தைக் குறைத்து, ஒதுங்கிக் கடந்து போனார்.

"கண்டிட்டான் என்ன?" என்றார் சின்னம்மா.

"கண்டிட்டார்" என்றேன்.

நெற்றி விளக்கு எரிந்தபடியே இருந்தது. நாங்கள் வீட்டை நோக்கிச் சைக்கிளை மிதித்தோம்.